ஓய்வு பெற்றவர்களின் கற்றல் குழு, சேலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், பலகைக்கு முன்னால் நின்று கேட்பவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். குழுவின் அறிவிப்புகளையும் நிகழ்ச்சி நாட்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை என்பதால் ஆங்காங்கே என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும். கமிட்டி முடிவு எது, என் கருத்து எது என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

இது சங்கமா, டிரஸ்டா? யார் நடத்துகிறார்கள்?

இரண்டும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வாரத்தில் சில நாள் கூடி, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறோம். தலைவர் பதவி கிடையாது, அதனால் பொன்னாடையும் கிடையாது. வரவுசெலவு பார்க்க ஒருவர், வகுப்பு நேரம் பார்க்க ஒருவர், அறிவிப்புக்கு நான். வருடம் ஒருமுறை பொறுப்பை மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு, ஆனால் அறிவிப்பு வேலையை வாங்கிக்கொள்ள இதுவரை ஒருவரும் கை நீட்டவில்லை.

பாடம் நடத்த வெளியிலிருந்து யாராவது வருவார்களா?

எப்போதாவது வருவார்கள், ஆனால் அதை நம்பி நாங்கள் இல்லை.

இந்த யோசனை எங்களுடையதல்ல. 1973இல் பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் ஓய்வு பெற்றவர்களுக்காகப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்துவிட்டார். அதற்கு வைத்த பெயர் மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியர்கள் பாடம் சொன்னார்கள், முதியவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் இது பிரிட்டனுக்குப் போனபோது ஒரு மாற்றம் செய்தார்கள். பல்கலைக்கழகமே வேண்டாம், உறுப்பினர்களே ஆசிரியர், உறுப்பினர்களே மாணவர், பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது. நாங்கள் பின்பற்றுவது இந்த இரண்டாவது வகையை. நாற்பது வருஷம் ஒரு வேலையைச் செய்தவருக்கு அந்த வேலையைப் பற்றிச் சொல்ல விஷயம் இல்லாமலா போகும்?

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவன். வாத்தியார்கள், பேங்க் ஆபீசர்கள் நடுவே வந்து என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் சொந்தத் தொழில் செய்தவர்கள். ஓய்வு பெற்ற வாத்தியார்கள் கூட்டத்தில் வாத்தியாருக்குப் பஞ்சமில்லை ஐயா. நாங்கள் தேடுவது உங்களைப் போன்றவர்களைத்தான்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருந்த ஒருவர் கொலுசு எப்படி உருவாகிறது என்று ஒரு காலைப்பொழுது முழுக்கச் சொன்னார். வெள்ளியை உருக்குவது, கம்பியாக இழுப்பது, வளையம் வெட்டிக் கோப்பது, பற்றவைப்பது, மெருகு போடுவது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வீடு, ஒரு குடும்பம். ஒரு ஜோடி கொலுசு கடைக்கு வருவதற்குள் எத்தனை கை மாறுகிறது என்று அன்றைக்குத்தான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து சேலத்தில் இருப்பவர்கள்தான், கொலுசு போட்டவர்கள்தான், ஆனால் தெரியாது.

அதே போல ஜவ்வரிசி. ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் வேலை பார்த்தவர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, தோல் உரிப்பதிலிருந்து தொடங்கினார். அரைத்த கிழங்கிலிருந்து பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிடுவது, அடியில் படிந்த மாவை எடுத்து உடைப்பது, துணித்தொட்டிலில் குலுக்கிக் குலுக்கி மணியாக உருட்டுவது, சூடான தட்டில் வறுப்பது, வெயிலில் களத்தில் காயவைப்பது. ஜவ்வரிசி ஏதோ செடியில் காய்க்கும் தானியம் என்றே அதுவரை நினைத்திருந்த ஒரு ரிட்டயர்டு தாசில்தார் அங்கே இருந்தார், பெயர் சொல்லமாட்டேன். சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு 1981இல் வந்த பிறகு ஆலைக்காரர்களுக்கு விலை கேட்கும் தெம்பு வந்தது என்று அந்த ஆலைக்காரர் விளக்கியது எந்தப் பொருளாதார வகுப்புக்கும் குறைந்ததல்ல.

குகை, அம்மாபேட்டைப் பக்கம் தறி ஓட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து வாருங்கள். பாவு, ஊடை, அச்சு பற்றிச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

வயது வரம்பு உண்டா?

இல்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஐம்பதிலேயே வந்தவர்களும் உண்டு. வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு ரிட்டயர்மென்ட் என்று ஒரு தேதியே கிடையாது, ஆகவே அவர்கள் எப்போது வேண்டுமானாலும் சேரலாம்.

கட்டணம்?

டீ, ஜெராக்ஸ், கரண்ட் பில்லுக்கு மாதம் ஒரு சிறு தொகை. கஷ்டம் என்றால் கணக்குப் பார்ப்பவரிடம் மட்டும் சொன்னால் போதும், வேறு யாருக்கும் தெரியாது. வெளியூர்ப் பயணத்துக்கு வண்டி வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வோம்.

இப்போது என்னென்ன வகுப்புகள் நடக்கின்றன?

செவ்வாய் காலை செல்போன், புதன் காலை பழைய பத்திரம் படிப்பது, வியாழன் மாலை ஊர் வரலாறு. சனிக்கிழமை அவரவர் தொழிலைப் பற்றிப் பேசுவது. மேலே சொன்ன கொலுசும் ஜவ்வரிசியும் சனிக்கிழமைக் கச்சேரிகள்தான். வெள்ளிக்கிழமை வகுப்பு கிடையாது, கோயிலுக்குப் போகிறவர்கள் அதிகம்.

பத்திர வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டம் அதற்குத்தான். எல்லார் வீட்டுப் பீரோவிலும் தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்று மஞ்சளாகிக் கிடக்கிறது. எழுத்து புரியாது, தேதி புரியாது. பசலி (வருவாய்க் கணக்குக்கான ஆண்டு) என்று போட்டிருந்தால் அதோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குவதால் ஜனவரியிலிருந்து ஜூனுக்குள் நடந்த விஷயமென்றால் 591 கூட்ட வேண்டும். ௸ என்ற குறி வந்தால் மேற்படி, ௵ என்றால் வருடம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் நாள். எண்கள் ௧, ௨, ௩ என்று தமிழில் இருக்கும். பாகத்தைப் பிரிக்கும்போது மாகாணி, காணி, முந்திரி என்று பின்னங்கள் வரும். மாகாணி பதினாறில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. இந்த வாய்பாட்டைச் சின்ன வயதில் அடி வாங்கிப் படித்த இரண்டு பேர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், அவர்கள் இருக்கும்போதே கற்றுக்கொள்வது நல்லது.

ஆனால் ஒன்று. இது படிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு, வழக்கு பேசும் இடம் அல்ல. பங்காளித் தகராறைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அசல் பத்திரமும் வேண்டாம், ஜெராக்ஸ் போதும்.

அறிவிப்பு எங்கே பார்ப்பது?

மூன்று வழி. வகுப்பு நடக்கும் வீட்டு வாசலில் கரும்பலகை. வாட்ஸ்அப் குழு. வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கு ஞாயிறு மாலை ஒருவர் நான்கைந்து பேருக்குப் போன் செய்து சொல்வது. சாதாரண பட்டன் போன் வைத்திருக்கிறோமே என்று யாரும் கூச்சப்பட வேண்டாம், போன் செய்பவர்களுக்கே அதில்தான் சந்தோஷம், அறிவிப்பு ஒரு நிமிஷம், ஊர்க்கதை இருபது நிமிஷம்.

வாட்ஸ்அப் குழு அறிவிப்புக்கு மட்டும். குட்மார்னிங் படம், பூ, விளக்கு, தைலம் தேய்த்தால் அடைப்பு போகும் என்ற வைத்தியக் குறிப்பு, பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்ற சாமி படம் எதுவும் கூடாது. கோபித்துக்கொண்டு வெளியே போனவர்கள் உண்டு. போனவர்கள் திரும்பி வந்ததும் உண்டு, அறிவிப்பு தெரியாமல் போய்விடுகிறதே என்று. அரட்டைக்குத் தனிக் குழு இருக்கிறது, அங்கே என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், நான் அதில் இல்லை.

நான் ஒரு நிகழ்ச்சி அறிவிப்புக் கொடுக்கலாமா? எப்படி எழுத வேண்டும்?

தாராளமாக. எனக்கு எழுதி அனுப்புங்கள் அல்லது போனில் சொல்லுங்கள். அலங்காரம் வேண்டாம். "அறிவுத்தாகம் கொண்ட அன்பு நெஞ்சங்களே" என்று தொடங்கி எட்டு வரி போன பிறகும் எந்த நாள் என்று தெரியாத அறிவிப்புகள் வருகின்றன. நமக்குக் கண் மங்கல், பொறுமையும் குறைவு. இப்படி இருந்தால் போதும்:

"11-02-2026, புதன்கிழமை, காலை 10.30 முதல் 12 வரை. பழைய பத்திரம் படிப்பது, பசலிக் கணக்கு. இடம் வழக்கமான அழகாபுரம் வீடு, தரைத்தளம், படி இல்லை, கழிப்பறை உண்டு. பூதக்கண்ணாடி இருந்தால் கொண்டு வரவும். காலையில் சாப்பிட்டுவிட்டு வரவும், டீ உண்டு."

தேதியும் கிழமையும் இரண்டும் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. வேலையில் இருந்தபோது தேதி நம்மைத் துரத்தியது. இப்போது ஞாபகம் நிற்பது கிழமைதான். தேதி ஒன்று, கிழமை வேறொன்று என்று எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன், ஊகித்துப் போடமாட்டேன். படிக்கட்டு எத்தனை, கைப்பிடி இருக்கிறதா, கழிப்பறை மேலைநாட்டு வகையா என்பதைச் சிலர் எழுதக் கூச்சப்படுகிறார்கள். முழங்கால் தேய்ந்தவருக்குப் பேச்சாளர் யார் என்பதைவிட அதுதான் முக்கியம், அது தெரியாமலே வீட்டில் தங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று, மின்தடை. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலை வரை வராது. பேப்பரில் நம் பகுதியின் பெயர் வந்திருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். கரண்ட் இல்லாத நாளில் திரைபோட்டுப் படம் காட்டும் வகுப்பு வைத்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்து மின்வாரியத்தைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

கல்யாணம், கோயில் விசேஷம், வீடு வாடகைக்கு, கட்சிக் கூட்டம் இதெல்லாம் போடலாமா?

உறுப்பினர் வீட்டுக் கல்யாணமும் துக்கமும் போடுவோம். வாடகை, சீட்டு, இன்சூரன்ஸ், கட்சி எதுவும் கிடையாது. ரத்தம் தேவை என்ற செய்தியை, கேட்டவர் யார் என்று போன் செய்து உறுதி செய்த பிறகே போடுவேன். பழைய செய்தி மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆடி மாதத்தில் வகுப்பு உண்டா?

கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் இல்லை. அந்த நாட்களில் ஊரிலுள்ள மாரியம்மன் கோயில்கள் எல்லாவற்றிலுமே பண்டிகைதான், பாதித் தெருவில் பந்தல், மீதித் தெருவில் பொங்கல் வைக்கும் கூட்டம், பஸ்ஸெல்லாம் சுற்றிப் போகும். வகுப்பு வைத்தாலும் வருவது அந்த வீட்டுக்காரர் மட்டும்தான். அதற்குப் பதில் குகையில் வண்டி வேடிக்கை பார்க்கப் போகிறோம். சாமி வேஷம் கட்டிய ஆட்கள் அலங்கார வண்டிகளில் வருவதை நின்று பார்க்க முடியாதவர்களுக்காகத் தெருவோரம் தெரிந்த வீட்டுத் திண்ணையில் இடம் கேட்டு வைப்போம். இதற்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், திண்ணை சின்னது.

சில நிகழ்ச்சிகளுக்குத் தேதியே போடாமல் "சொல்கிறோம்" என்று மட்டும் எழுதுகிறீர்களே, ஏன்?

தேதி எங்கள் கையில் இல்லாததால்.

பண்ணவாடிப் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை 1934இல் முடிந்தபோது நீர்த்தேக்கத்துக்குள் பல ஊர்கள் மூழ்கின. தண்ணீர் நன்றாகக் குறையும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே தெரியும். அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, தினமும் நீர்மட்டம் பேப்பரில் வரும், நாங்களும் தினமும் பார்க்கிறோம். மழை நன்றாகப் பெய்து அணை நிரம்பி நின்றால் நந்தியைப் பார்க்க முடியாது, அந்த வருஷம் பயணம் இல்லை. நந்தி தெரியவில்லையே என்று வருத்தப்பட்ட ஒருவரை, கூட வந்திருந்த தஞ்சாவூர்க்காரர் முறைத்த முறை இருக்கிறதே! அணை நிரம்பினால் வேறொரு பயணம் போகலாம், 16 கண் மதகில் உபரிநீர் விழுவதைப் பார்க்க. அதற்கும் இரண்டு நாள் முன்னால்தான் சொல்ல முடியும்.

ஏற்காட்டில் காபி பூப்பதும் அப்படித்தான். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை மாதிரி மணம், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். மேலே இருக்கும் ஒரு தோட்டக்காரர் மழை பெய்ததும் போன் செய்வார். அன்றிலிருந்து நாள் எண்ணி வண்டி பேசுவோம். ஆகவே அந்த மாதங்களில் பையில் ஒரு ஸ்வெட்டரும் மாத்திரை டப்பாவும் தயாராக வைத்திருங்கள்.

ஏற்காட்டுக்கு மே மாதத்தில் ஏன் போவதில்லை? கோடை விழாவெல்லாம் அப்போதுதானே?

அதனால்தான் போவதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி வரிசை, ஏரிக்கரையில் கூட்டம், கழிப்பறைக்கு வரிசை. நாம் வாரநாளில் போகக்கூடியவர்கள், அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தாமல் லீவு விட்ட கூட்டத்தோடு போய் மோதுவானேன்? எங்கள் பெரிய பயணம் டிசம்பர் அல்லது ஜனவரியில், காபிப் பழம் பறிக்கும் காலத்தில். பழுத்த சிவப்புப் பழத்தைக் கையால் பறிப்பது, தோல் நீக்குவது, ஊறவைத்துக் கழுவுவது, உலர்த்துவது என்று முழுவதையும் பார்க்கலாம். இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறும் மிளகுக்கொடி என்று தோட்டத்தின் அமைப்பே ஒரு பாடம்.

அப்புறம் ஆர்க்கிடு பூங்கா, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையுடையது. பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியும் அங்கே உண்டு, பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் பெருமையடிக்க உதவும்.

நான் யாரையும் விடாமல் கூட்டிப்போகும் இடம் ஹோலி டிரினிடி தேவாலயத்துக் கல்லறை. ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே இருக்கிறார். 1863இல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியை அடையாளம் கண்டவர், இந்தியாவில் ஆதிமனித வரலாற்று ஆய்வே அங்கிருந்துதான் தொடங்கியது. புவியியல் ஆய்வுத் துறையிலிருந்து 1891இல் ஓய்வு பெற்றார். பரோடா சமஸ்தானத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு ஏற்காட்டில் வந்து குடியேறி, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கல்லாயுதங்களுக்கும் பானை ஓடுகளுக்கும் பட்டியல் எழுதினார். 1912இல் இறந்தார், பட்டியல் அதற்குப் பிறகுதான் அச்சாகி வந்தது. அந்தச் சேகரிப்பு இன்றைக்குச் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரிட்டயர்டு ஆனபின் என்ன செய்வது என்று கேட்பவர்களிடம் நான் அதிகம் பேசுவதில்லை, இந்தக் கல்லறையைக் காட்டிவிட்டு டீ குடிக்கக் கூட்டிப்போய்விடுவேன்.

சேர்வராயன் கோயில் மலையின் உச்சியில் குகைக்குள் இருக்கிறது. குனிந்து போக வேண்டும். இடுப்பு வலிக்காரர்கள் வெளியே காற்று வாங்கலாம், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

வளைவில் வாந்தி வருபவர்கள் முன் சீட்டுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். வழியில் சாப்பிட எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய் நாங்கள் கொண்டு வருவோம். அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாக இன்னொரு பாதை உண்டு, சுற்று என்றாலும் போக்குவரத்து குறைவு, இறங்கும்போது பெரும்பாலும் அந்த வழிதான்.

ஊருக்குள்ளேயே நடைப்பயணம் உண்டா?

உண்டு, வெயில் ஏறுவதற்கு முன். காலை 6.30க்குத் தொடங்கி 8 மணிக்கு டிபனில் முடியும். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு ஒரு தடவை. 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ, மலையாளத்தின் முதல் பேசும்படத்தை 1938இல் எடுத்தது இவர்கள்தான். உள்ளே இப்போது ஸ்டுடியோ இல்லை, வளைவு மட்டும் நிற்கிறது. இருந்தாலும் அங்கே வேலை செய்தவர்களின் வாரிசுகள் சொல்லும் கதைக்கே ஒன்றரை மணி நேரம் பத்தாது.

இன்னொரு தடவை அரசியல் நடை. 1882 சேலம் கலவர வழக்கில் தண்டனை பெற்று, போராடி விடுதலையாகி, பின்னால் 1920 நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கிய விஜயராகவாச்சாரியார் இந்த ஊர்க்காரர். ராஜாஜி இங்கே வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவர். 1937 அக்டோபர் 1இல் மதுவிலக்கு முதன்முதலாக வந்ததும் சேலம் மாவட்டத்தில்தான். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது கூட்டத்தில் ஒரு சிரிப்பு வரும், ஏனென்று விளக்க வேண்டியதில்லை.

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக மூக்கனேரிக்குப் போவோம். நீர்க்காகம், முக்குளிப்பான், சாம்பல் நாரை தெரிந்தால் போதும், மற்றதைக் கூட வருபவர் சொல்வார்.

பென்ஷன் உயிர்வாழ் சான்றுக்கு உதவி கிடைக்குமா?

கிடைக்கும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம், 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். தொழிலாளர் வைப்பு நிதி ஓய்வூதியம் வாங்குபவர்கள் வருடத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும், எல்லாரும் நவம்பரில் ஓடிப்போய் வரிசையில் நிற்க அவசியமில்லை. மாநில அரசு ஓய்வூதியர்களின் நேர்காணல் தனி ஏற்பாடு, உங்கள் கருவூலத்தில் கேட்டு மாதத்தைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். தறியிலும் பட்டறையிலும் வேலை செய்து கைரேகை தேய்ந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆதார், பென்ஷன் ஆணை எண், வங்கிக் கணக்கு எண், ஓடிபி வரும் போன் இவை வேண்டும். வெளியே வரமுடியாதவர்களுக்கு அஞ்சலக வங்கியின் தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்துகொடுப்பார், அதற்குச் சிறு கட்டணம் உண்டு. செவ்வாய் வகுப்பில் நாங்கள் உங்கள் போனில் உங்கள் கையாலேயே செய்யவைப்போம். நாங்கள் வாங்கிச் செய்துகொடுக்கமாட்டோம், அது வகுப்பின் விதி.

போனில் போலீஸ் என்று சொல்லி மிரட்டுகிறார்கள். அதற்கும் வகுப்பு உண்டா?

மாதம் ஒருமுறை, கட்டாயம் வரவேண்டிய வகுப்பு அது. சுருக்கமாக இப்போதே சொல்லிவிடுகிறேன்: டிஜிட்டல் கைது என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. வீடியோ காலில் யாரும் யாரையும் கைது செய்ய முடியாது. உங்கள் பெயரில் பார்சல் வந்திருக்கிறது, அதில் போதை மருந்து இருக்கிறது, யாரிடமும் சொல்லாதீர்கள், கேமராவை அணைக்காதீர்கள் என்றால் உடனே வைத்துவிடுங்கள். மரியாதைக்குறைவாக இருக்குமோ என்று யோசிக்கவே வேண்டாம். நம் தலைமுறைக்கு எதிர்முனையில் அதிகாரக் குரல் கேட்டால் எழுந்து நிற்கிற பழக்கம், ஏமாற்றுபவர்கள் பிடிப்பதும் அந்த இடத்தில்தான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிஷமே 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கிறது. தனியாக இருப்பவர்கள் வேறு உதவிகளுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள், போனுக்குள் மட்டும் சேமித்துவைத்தால் தேவைப்படும்போது கிடைக்காது.

பஸ்ஸில் சீனியர் சிட்டிசன் இலவசம் உண்டா?

மாதம் பத்து டோக்கன் என்று கேள்விப்படுவது சென்னை மாநகரப் பேருந்துக்கு. சேலத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு எந்த வயதிலும் இலவசம், ஆண்கள் டிக்கெட் வாங்கத்தான் வேண்டும். ரயிலில் முதியோர் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதனால் பயணச் செலவைக் கணக்கிடும்போது முழுக் கட்டணம் என்றே வைத்துக்கொள்கிறோம். அழகாபுரம் வர புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவும் கிடைக்கும்.

காது சரியாகக் கேட்காது. வந்து பயனுண்டா?

முன் வரிசை உங்களுக்கு. பேசுபவர் மைக் பிடித்தே பேச வேண்டும், "எனக்கு மைக் வேண்டாம், என் குரலே போதும்" என்பவர்களுக்கு அனுமதியில்லை. முக்கியமானதைப் பலகையில் எழுதிவிடுவோம்.

வீட்டுக்காரர் போன பிறகு தனியாக எங்கும் போனதில்லை. கூட்டத்தில் எல்லாரும் ஜோடியாக இருப்பார்களோ?

இல்லை அம்மா. பாதிக்கு மேல் தனியாக வருபவர்கள்தான். முதல் நாள் உங்கள் பகுதியிலிருந்து வரும் ஒரு பெண்மணி வீட்டுக்கே வந்து கூட்டி வருவார், போனில் சொன்னால் போதும். யாரும் அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்லி எழுப்பி நிறுத்தமாட்டார்கள்.

மகன் வீட்டுக்கு அமெரிக்கா போகிறேன், ஆறு மாதம். இடம் போய்விடுமா?

போகாது. பத்திர வகுப்பும் வரலாறும் போனில் பதிவாகும், அனுப்பிவைப்போம். காலை வகுப்பு நேரலையில் வேண்டும் என்றால் அங்கே நள்ளிரவில் விழித்திருக்க வேண்டும். சிலர் விழித்திருக்கிறார்கள், ஜெட்லாக் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு.

பேரப்பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

மே மாதத்தில் மாம்பழ நாளுக்குக் கட்டாயம் கூட்டி வாருங்கள். மல்கோவா, இமாம்பசந்த், சேலம் குண்டு, செந்தூரா, பெங்களூரா எல்லாவற்றையும் நறுக்கி வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு சுவைத்துப் பெயர் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தோற்பார்கள், தாத்தாக்கள் ஜெயிப்பார்கள், அடுத்த நாள் சர்க்கரை அளவு ஜெயிக்கும். ஆளுக்கு ஒரு துண்டு என்று அறிவிப்பில் போடுகிறேன், யாரும் மதிப்பதில்லை. மற்ற நாட்களில் சத்தம் போடாத பிள்ளைகள் என்றால் சரி.

எப்படிச் சேருவது?

ஏதாவது ஒரு சனிக்கிழமை காலை 10.30க்கு வந்து உட்காருங்கள். விண்ணப்பம், புகைப்படம், ஆதார் நகல் எதுவும் வேண்டாம். பெயர், ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண் மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வோம். மூன்று நான்கு வாரம் பார்த்துவிட்டுப் பிடித்திருந்தால் பணம் கட்டினால் போதும். சனிக்கிழமை டீயோடு தட்டுவடை செட்டும் உண்டு, பல் பிரச்சினை உள்ளவர்களுக்கு நொறுக்கிக் கலந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறோம், காரம் கம்மி வேண்டுமென்றால் வந்தவுடனே சொல்லிவிடுங்கள்.